மத்தியானப் பால்

8.6.82, செவ்வாய்

குழாயில் ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்தது. ஒன்பது குடம் பிடித்தேன். ஏழுக்குள் சோறும் புளிக்குழம்பும் ஆயிற்று. அவர் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு புளியங்குடி பஸ்ஸுக்கு ஓடினார். எலுமிச்சை மண்டியில் எட்டரைக்கு ஏலம் தொடங்கிவிடும். பாப்பாவை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே தலையை வாரிக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு ஒன்றிய ஆபீஸில் என் நாற்காலியில் இருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து சேர்ந்து நாலு வாரம் ஆகிறது. ஒருநாள் கூடத் தாமதம் இல்லை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? யார் கேட்கப்போகிறார்கள்? யாராவது கேட்டால் காட்டலாம் என்றுதான் போலிருக்கிறது.

ஒரு மணிக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைய ஆரம்பித்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு கோப்புக்குள் குனிந்துகொண்டேன். டைப்பிஸ்ட் ஷம்சாத் பேகம் பார்த்துவிட்டாள். கடையநல்லூரிலிருந்து தினமும் வருகிறவள். மூன்று பிள்ளை பெற்றவள்.

"ரிக்கார்டு ரூம்ல போய்ப் பீச்சிவிட்டுட்டு வா முத்து. நான் வாசல்ல நிக்கேன். எவனாவது ஃபைல் வேணும்னு வந்தா, உள்ள பாம்பு கெடக்குன்னு சொல்லுதேன்."

பழைய பதிவேடுகளுக்கு நடுவே நின்று, வீட்டில் பிள்ளை குடிக்க வேண்டிய பாலைச் சுவர் ஓரத்தில் பீச்சினேன். அதே நேரம் அத்தை அவளுக்குப் புட்டியில் மாட்டுப்பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

10.6.82

பாப்பா குப்புற விழுந்தாளாம். பகல் பதினொன்றரைக்கு. நான் பார்க்கவில்லை.

17.6.82, வியாழன்

ஒரு வாரமாக எழுதவில்லை. இரண்டு நாளாகப் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. நேற்று மத்தியானம் அத்தை ஆள்விட்டு அனுப்பினாள். நான் போய்ச் சேரும்போது கண் சொருகிக் கிடந்தாள். நாலு மாதப் பிள்ளை, துணி மாதிரிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க இருந்தோம். இன்று காலை கண்ணைத் திறந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா சொன்னது இரண்டே வாக்கியம். "புட்டியைத் தூக்கி எறிஞ்சிருங்க. தாய்ப்பால் மட்டும் குடுங்க."

அத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கோபுரம் தெரிகிற பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். "எம்மா கோமதித் தாயே, பிள்ளையக் குடுத்திட்ட. ஆடியில நூத்தெட்டு சுத்து சுத்துதேன்."

முழங்கால் வலி என்று அடுத்த தெருவுக்கே போகாதவள். நூற்றெட்டு முறை கோயிலைச் சுற்றப்போகிறாளாம்.

20.6.82, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் பேச்சு ஆரம்பித்தது. அத்தை பாப்பாவை மடியில் போட்டுத் தட்டியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனி எதுக்கு அந்த வேலை? புட்டி வேண்டாம்னு டாக்டரே சொல்லியாச்சி. சங்குல ஊத்துனா துப்புதா. ஒம்பது மணிக்குப் போறவ ஆறு மணிக்கு வாரா. அதுவரைக்கும் நான் என்ன மாரு முளைச்சாக் குடுப்பேன்?"

நான் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மத்தியானம் ஒரு மணிக்கு அத்தை பிள்ளையை ஆபீசுக்குத் தூக்கிவந்தால் போதும். ஒரே ஒரு தடவை. காலையிலும் சாயங்காலமும் நான் பார்த்துக்கொள்வேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒன்னரை மைலு. இந்தக் கால வச்சிக்கிட்டு. அதுவும் ஆபீசுக்கு" என்றாள் அத்தை.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். "ஆடித்தபசு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வழி தெரியலேன்னா எழுதிக் குடுத்திரு முத்து" என்றார்.

எழுதிக் கொடுத்துவிடு. எவ்வளவு லேசாகச் சொல்லியாயிற்று.

21.6.82

நேற்று எழுத விட்டுப்போனது. என்னைப் பெற்ற அய்யா ராயகிரியில் இன்றும் அடுத்தவர் வயலில்தான் நிற்கிறார். என்னைக் காலேஜில் சேர்த்த அன்று கையெழுத்துப் போடச் சொன்னபோது, பெருவிரலை நீட்டிவிட்டு மை எங்கே என்று பார்த்தார். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். வேலையை விட்டால் அய்யாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் அது பாதிதான். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. மனுவுக்கு எண் போடுவது, கோப்பை நாடாவால் கட்டுவது, யாரோ ஒரு கிழவர் வந்து "நீங்க எழுதுன கடுதாசி வந்திச்சி தாயி" என்று சொல்வது. பிடித்திருக்கிறது. பிள்ளையையும் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல ஏன் இவ்வளவு வெட்கம்?

1.7.82, வியாழன்

சத்துணவுத் திட்டம் இன்று தொடங்கியது. ஒரு வாரமாக ஆபீஸ் சந்தைபோல இருக்கிறது. அமைப்பாளர் வேலைக்கு, ஆயா வேலைக்கு என்று மனுக்கள் கோணிச் சாக்கில் வருகின்றன. எல்லாம் என் மேசைக்கு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் சாப்பிடுவதற்கு நான் எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளை மத்தியானம் அழுதுகொண்டிருக்கிறது.

சிரிப்பாக வந்தது. ஷம்சாத் பேகத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

8.7.82

ஆபீஸில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன்மேல் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு. நேற்று ராத்திரி முதல் வீட்டுச் சண்டைகளுக்கும் அப்படி எழுதிப் பார்க்கிறேன். குழம்பில் உப்பு கூடிற்று என்று அத்தை சொன்னது - ஓராண்டு கூட வேண்டாம், இன்றே கிழிக்கலாம். 'படிச்ச பிள்ளை எடுத்த காரியத்துக்கெல்லாம் நோட்டு போடுதா' என்று பால்காரியிடம் சொன்னது - ஓராண்டு. 'நீ பெத்த, நான் வளக்கேன்' என்றது...

அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அது உண்மையாகவும் இருக்கிறதே.

11.7.82, ஞாயிறு

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். தேதி போடவில்லை. மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். எழுத்து நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

24.7.82, சனி

இன்று கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். அத்தை நேற்றே நூற்றெட்டுப் புளியங்கொட்டை எண்ணி ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். சுற்றுக்கு ஒரு கொட்டையை எடுத்துப் பவுடர் டப்பாவில் போட வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

காலையில் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலில் இறங்கினாள். ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலுக்கு யோசித்தாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நானும் வாரேன் அத்தை" என்றேன்.

"பிள்ளை?"

"அவுக பாத்துக்கிடட்டும். சோறும் அவுகளே வைக்கட்டும்."

அவரிடம் நான் கேட்கவில்லை. சொன்னேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர் வாயை மூடவே மறந்துவிட்டார்.

"எனக்கு உலை வைக்கத் தெரியாதே முத்து."

"ஏலே, தண்ணியக் கொதிக்க வச்சி அரிசியப் போடு. மிச்சத்த அரிசி பாத்துக்கிடும்" என்றாள் அத்தை தெருவிலிருந்து.

பதினொரு சுற்று முடிந்தது. நான் குறிப்பு நோட்டில் கோடு போட்டுவந்தேன். கொட்டை தவறினாலும் நோட்டில் இருக்குமே.

25.7.82, ஞாயிறு

லீவு நாள். பதினைந்து சுற்று. பிரகாரத்தில் எத்தனை எத்தனை கால்கள். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பேச்சு இல்லை. ஆனால் முதல் சுற்றில் இருந்த பிடிக்கும் கடைசிச் சுற்றில் இருந்த பிடிக்கும் வித்தியாசம் இருந்தது.

வீட்டில் எலுமிச்சைச் சோறு. அவருக்குத் தெரிந்த சமையல்பொருள் அது ஒன்றுதான்.

26.7.82

பத்து. எலுமிச்சைச் சோறு.

27.7.82

ஒன்பது. எலுமிச்சைச் சோறு. "ஏலே, மண்டியிலதான் எலுமிச்சம்பழம் எண்ணுத. வீட்டுலயுமா?" என்று கேட்டாள் அத்தை. நாளைக்கு ரசம் வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பாப்பா அவர் தோளில் ஒட்டிக்கொண்டு என்னைப் புதுசாகப் பார்க்கிறாள்.

28.7.82, புதன்

கோயில் வாசலில் பித்தளைப் பாத்திரத்தில் சுக்குக் காப்பி விற்கிறார்கள். தினமும் அந்த இடம் வரும்போது அத்தையின் நடை மெதுவாகிவிடும். இன்று கேட்டேன், "குடிப்போமா அத்தை?"

"ஏட்டி, பொம்பளைக தெருவுல நின்னு குடிக்கவா? யாராவது பாத்தா?"

"யாராவது பாத்தா அவுகளுக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடுப்போம்."

நான்தான் சொன்னேன். நானா?

இரண்டு பேரும் மதில் பக்கம் திரும்பி நின்று குடித்தோம். அத்தை சூட்டோடு விழுங்கிவிட்டுக் கண்ணீரோடு சிரித்தாள். "ஒங்க மாமா இருந்தப்போ ஒரு நாளு கேட்டேன். வீட்டுல இல்லாத காப்பியான்னாரு." கிளாஸை அவளே கழுவிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பிச்சிப்பூ வாங்கி, பாதியை என் தலையில் வைத்துவிட்டாள்.

ஆபீசுக்கு மூன்று நிமிஷம் தாமதம். நாள் முழுக்கச் சுக்கு வாசனை.

30.7.82

மத்தியானம் மட்டும் மாறவில்லை. இன்றும் பாப்பா பன்னிரண்டு மணியிலிருந்து அழுதிருக்கிறாள். தொண்டை கம்மிவிட்டது. தபசுக்கு நாலு நாள். கடிதம் பையில்தான் இருக்கிறது. கோயிலைச் சுற்றுகிற கால் ஆபீசுக்கு நடக்காதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சாமிக்கு நடக்கிறதும் எனக்கு நடக்கிறதும் ஒன்றா என்று கேட்டால்?

2.8.82, திங்கள்

இன்று என் நோட்டுப்படி நூற்றெட்டு முடிந்தது. "முடிஞ்சிட்டு அத்தை" என்று கொடிமரத்தடியில் சொன்னேன். அத்தை இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்தாள். இன்னும் ஒன்பது கொட்டை இருந்தது.

"கொட்டை கெடக்கே."

"நடுவுல எங்கயாவது போட மறந்திருப்பீங்க. நான் தினமும் எழுதி வச்சிருக்கேன் அத்தை."

என் குரலை நான் கேட்டேன். ஆபீஸில் மனுக்காரர்களிடம் சிலர் பேசுவார்களே, அந்தக் குரல். அத்தை என் நோட்டைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் கோடு. "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஒன்பது கொட்டையையும் திரும்ப முடிந்து வைத்துக்கொண்டாள். வருகிற வழியில் என் கையைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 27-ஆம் தேதி ஒன்பது சுற்றோடு பக்கம் முடிகிறது. கீழே மொத்தம் போட்டிருக்கிறேன். அந்த மொத்தத்தை அடுத்த பக்கத்துத் தலையில் எழுதிவிட்டு, அதன் கீழே முதல் வரியாக மறுபடியும் 27-ஆம் தேதி ஒன்பது. ஒரே ஒன்பது இரண்டு தடவை. நடந்தது தொண்ணூற்றொன்பதுதான்.

புளியங்கொட்டை சரி. பட்டதாரி தப்பு.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அத்தையே சரி என்றுவிட்டாள். சொன்னால், இவள் நோட்டு இவ்வளவுதான், இவள் வேலையும் இவ்வளவுதான் என்று ஆகிவிடாதா? நாளைக்குத் தபசு. நாளைக்குத்தான் அவர் கேட்கப்போகிறார்.

பிள்ளைக்காக நேர்ந்துகொண்டது. ஒன்பது சுற்றுக் கடன் வைக்க மாட்டேன்.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "அத்தை, தப்பு என்னுதுதான். ஒங்க கொட்டைதான் சரி. இன்னும் ஒம்பது பாக்கி."

அத்தை கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன். "காலைல நாலு மணிக்கு எந்திரி. கூட்டம் ஏறிட்டா நடக்க முடியாது" என்றாள்.

3.8.82, செவ்வாய். ஆடித்தபசு

நாலரைக்கே ஊர் கொள்ளாத கூட்டம். வண்டி கட்டி வந்தவர்கள் தெருவெல்லாம் படுத்திருந்தார்கள். பருத்தியும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாக, சாயங்காலம் அம்மன்மேல் வாரி இறைத்துச் சூறைவிட. பிரகாரத்தில் முன்னே போகிறவர் முதுகில் முட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. அத்தை என் மணிக்கட்டை விடவில்லை.

நாலாவது சுற்றில் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"ஒங்க மாமா செத்த வருசம் ஒரு ஆபீசுக்குப் போனேன். விதவைப் பணத்துக்கு லிஸ்டுல பேரு வந்திருக்கான்னு கேக்க. இல்லன்னான். நாலு மட்டம் நடந்தேன், நாலு மட்டமும் இல்லன்னான். அஞ்சாவது மட்டம் வேற ஒரு ஆளு இருந்தாரு. மொதப் பக்கத்துலயே இருக்கேம்மான்னாரு. அந்த மொத ஆளு பக்கத்துலதான் உக்காந்திருந்தான். தப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. ஒழுங்காக் கேக்கத் தெரியாதான்னு என்னைய ஏசுனான்."

எந்த ஆபீஸ் என்று கேட்டேன். அது காதில் விழாத மாதிரி மேலே பேசினாள்.

"அன்னைக்குச் சொன்னேன், இனி எந்த ஆபீஸ் படியும் மிதிக்க மாட்டேன்னு. ஆபீஸ்ல இருக்கவுக தப்புன்னு ஒத்துக்கிட மாட்டாகன்னு நெனச்சேன். நேத்து நீ அடுப்படியில வந்து நின்னியா..."

கூட்டம் தள்ளியது. மீதியைச் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் நான் கேட்டேன்.

"அப்போ கால் வலின்னு சொன்னது அத்தை?"

"காலும் வலிக்கத்தான் செய்யுது" என்றாள்.

ஒன்பதாவது கொட்டையை டப்பாவில் போடும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. அத்தை கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு கேட்டாள். "ஒங்க ஆபீசு எந்தப் பக்கம் இருக்கு? வேப்பமரம் நிக்குமே, அதுவா?"

தபசுக்கு ஆபீசும் மண்டியும் லீவு. மத்தியானம் அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "நான் எழுதிக் குடுக்க மாட்டேன்." அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். "புளி கூடிப்போச்சி. நாளைக்குக் கொறச்சி ஊத்து" என்றாள் மகனிடம். நாளைக்கும் அவர்தான் என்பது அப்படி முடிவாயிற்று.

4.8.82, புதன்

தலைமை எழுத்தர் கோமதிநாயகம் சார் மேசை முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. "சார், தினமும் ஒரு மணிக்கு... குழந்தைக்கு... வீட்டிலிருந்து கொண்டுவருவாங்க... அனுமதி..."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம்தானேம்மா? அதுக்கு எதுக்கு அனுமதி? ரிக்கார்டு ரூம்ல காத்தாடி ஓடாது, ஜன்னலத் தெறந்து வச்சிக்க."

இவ்வளவுதான். இரண்டு மாசமாகப் பயந்தது இதற்கு. வெளியே வந்து ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

5.8.82, வியாழன்

ஒன்றேகால் ஆயிற்று. ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளி வாசலுக்கு அந்தப் பக்கம், வெயிலில், பாப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு அத்தை நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. உள்ளே வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிடுகிறாள்.

ஷம்சாத் பேகம் எழுந்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"வேண்டாம். நானே போறேன்."

ஆபீஸ் முழுக்கப் பார்க்கிறது. நான் பதிவேடு நடுவே மட்டும் நடக்கத் தெரிந்தவள். முற்றத்தைக் கடந்து போய் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பிரகாரத்தில் பிடிக்கிற மாதிரியே. படியேறும்போது அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "போட்டுக்கிட்டே வாங்க அத்தை. கோயில் இல்ல இது" என்றேன்.

பாப்பா குடித்தாள். இரண்டு பக்கமும். அத்தை கதவுக்கு முதுகு கொடுத்து நின்று காவல் காத்தாள். திரும்பிப் போகும்போது ஆபீஸை ஒரு பார்வை பார்த்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள்.

19.8.82

பாப்பா அழவில்லை. எட்டு நாளாக. எழுத வேறு ஒன்றும் இல்லை. நல்லதுதான்.

9.9.82, வியாழன்

இன்று மனுக்கூட்டம் அதிகம். ஒரு மணிக்கு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்று பத்துக்குத் தாழ்வாரத்தில் அத்தையின் குரல் கேட்டது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ராயகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தூணோடு ஒட்டி நின்றாள். கையில் மடித்த மனு.

"சத்துணவு மனுவா? ஏன் இங்கன நிக்க? உள்ள போ. மூணாவது மேசை."

"ஏசுவாகளோ ஆச்சி?"

"ஏன் ஏசப்போறா? அது என் மருமவதான். பேரு இல்லன்னு சொன்னா மறுபடி பாக்கச் சொல்லு, தாயி. சிபாரிசுக்கு மட்டும் என்னையக் கூப்பிடாத, வரிசையில நில்லு." பிறகு எட்டிப் பார்த்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, இவளப் பாத்து அனுப்பிட்டு வா. பிள்ளை அஞ்சு நிமிசம் பொறுக்கும்."